எத்தனை அடுப்பு என்று கேளுங்கள்: நிவாரண அமைப்பில் இன்டர்ன்ஷிப் போகும் மாணவர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் எனக்கு இந்த மாதிரி போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, ஏப்ரல், மே ரெண்டு மாசம் லீவு. ஏதாவது இன்டர்நேஷனல் என்ஜிஓவில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தர முடியுமா?" வாங்கித் தருவது என் கையில் இல்லை. எங்கே தேடுவது, எப்படி எழுதுவது, உள்ளே போனபின் எப்படி நடந்துகொள்வது என்று சொல்ல முடியும். நானும் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலை படிக்கும்போது மாணவியாக ஒரு நிவாரண அமைப்புக்குள் நுழைந்தவள்தான். இப்போது வருடத்துக்கு நாலைந்து மாணவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்ன் செய்யும் வேலையில் முக்கால்வாசி பட்டியல் போடுவதுதான். பெயர், தெரு, வீட்டில் எத்தனை பேர், என்ன சேதம், போன் நம்பர். பார்க்க எழுத்தர் வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஒரு குடும்பத்துக்குத் தார்ப்பாய் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த அமைப்பு, யாருடைய பணம்

"இன்டர்நேஷனல்" என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் பல வகை இருக்கிறது. யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் போன்றவை ஐ.நா. அமைப்புகள், அவற்றைத் தொண்டு நிறுவனம் என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். செஞ்சிலுவை இயக்கம் தனி. 1859-இல் சால்ஃபெரினோ போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்துக் கலங்கிப்போன ஹென்றி டூனாண்ட் என்ற வியாபாரி எடுத்த முயற்சியில், 1863-இல் ஜெனீவாவில் தொடங்கியது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-இல் தனிச் சட்டத்தின் மூலம் வந்தது.

அப்புறம்தான் நீங்கள் தேடுகிற சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள். சேவ் த சில்ட்ரன் (1919), ஆக்ஸ்ஃபாம் (1942), கேர் (1945), எம்.எஸ்.எஃப். என்கிற எல்லைகளற்ற மருத்துவர்கள் (1971) என்று வரிசை நீளும். பல அமைப்புகள் ஏதோ ஒரு பஞ்சத்தையோ போரையோ ஒட்டிப் பிறந்தவை. முதல் உலகப் போர் முடிந்த பிறகும் பட்டினி கிடந்த எதிரி நாட்டுக் குழந்தைகளுக்காக எக்லன்டைன் ஜெப் லண்டனில் தொடங்கியதுதான் சேவ் த சில்ட்ரன். எதிரி நாட்டுப் பிள்ளைக்கும் பசிக்கும் என்று அன்றைக்கு அவர் சொன்னதற்குத் துணிச்சல் வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பின் கதையை இந்த அளவுக்காவது தெரிந்துகொண்டு போங்கள்.

நான்காவதாக உள்ளூர் அமைப்புகள். இவற்றை இளப்பமாக நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வெளியிலிருந்து நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து குவிந்தன. யார் எந்தக் கிராமத்தில் என்ன செய்கிறார்கள் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. அப்போது அங்கே ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நிறுத்தியதில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வள்ளம் என்றால் என்ன, கட்டுமரம் என்றால் என்ன, எந்தக் கிராமத்தில் ஊர்ப் பஞ்சாயத்து யார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெரிய பெயருள்ள அலுவலகத்தில் இரண்டு மாதம் இருந்து பிரசென்டேஷன் செய்வதைவிட, இப்படி ஓர் உள்ளூர் அமைப்பில் நீங்கள் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடும். என் மாணவர்களில் பாதிப் பேரை நான் அப்படித்தான் அனுப்புகிறேன்.

இந்தியாவில் வெளிநாட்டுப் பணம் வாங்கும் எந்தத் தொண்டு அமைப்புக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2010-இல் வந்த சட்டம் அது. 2020-இல் திருத்தியபோது மூன்று பெரிய மாற்றங்கள் வந்தன. வெளிநாட்டுப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்கின் ஒரே கிளை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை போகலாம். மாணவருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். இந்தச் செலவு வரம்பால், இன்டர்னுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்க மனமிருந்தும் கொடுக்க முடியாமல் போன அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு நின்றுபோனால் திட்டமும் நின்றுபோகும், உங்கள் இரண்டு மாதமும் அதோடு போகும். அதனால் சேருமுன் அந்த அமைப்பின் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் அரசுத் தளமான என்ஜிஓ தர்ப்பணிலும் ஒருமுறை தேடுங்கள். அவர்களுடைய கடைசி ஆண்டறிக்கையைப் படியுங்கள். அரை மணி நேர வேலை.

எங்கே தேடுவது

ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் நடத்தும் ரிலீஃப்வெப் தளத்தில் வேலைப் பகுதியில் இன்டர்ன்ஷிப் என்று வடிகட்டித் தேடலாம். இந்திய வாய்ப்புகளுக்கு டெவ்நெட்ஜாப்ஸ் இந்தியா என்ற தளம் இருக்கிறது. அமைப்புகளின் சொந்தத் தளங்களிலும் அறிவிப்பு வரும். ஆனால் உள்ளதைச் சொன்னால், மாணவர்களுக்குக் கிடைக்கும் இடங்களில் பெரும்பகுதி விளம்பரத்துக்கே வருவதில்லை. கல்லூரியின் ஃபீல்ட் ஒர்க் ஒருங்கிணைப்பாளர் ஒரு போன் போட்டு முடிக்கும் விஷயம் அது. சமூகப் பணி படிப்பவர்களுக்கு வாரம் இரண்டு நாள் களப்பணியும், கடைசியில் ஒரே அமைப்பில் தொடர்ந்து ஒரு மாதம் வேலை பார்க்கும் பிளாக் பிளேஸ்மென்டும் பாடத்திட்டத்திலேயே இருப்பதால், சென்னையின் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் மாதிரியான பழைய கல்லூரிகளுக்கு இந்தத் தொடர்புகள் பல வருடமாக உண்டு. உங்கள் கல்லூரியில் யாரிடம் கேட்க வேண்டும் என்று முதலில் விசாரியுங்கள்.

சமூகப் பணி படிக்காதவர்கள் ஒதுங்க வேண்டாம். பி.காம். படித்த பிள்ளைக்கு வவுச்சர் சரிபார்க்கத் தெரியும். சிவில் இன்ஜினியரிங் படித்தவர் தண்ணீர்த் தொட்டியும் கழிவறையும் எங்கே வைப்பது என்று யோசிக்க முடியும். சத்துணவியல், பொதுச் சுகாதாரம், சட்டம், கம்ப்யூட்டர் என்று எல்லாருக்கும் வேலை இருக்கிறது. எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த இன்டர்ன் ஒரு கணிதப் பட்டதாரி.

ஜெனீவா, நியூயார்க் கனவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது; யுனிசெஃப் போன்ற சில அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. 2015-இல் ஜெனீவாவில் இன்டர்னாக இருந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. ஊதியமில்லாப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்ற விவாதம் அப்போது பலமாக எழுந்தது. விமான டிக்கெட், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் நகையை அடகு வைத்துப் போக வேண்டிய இடம் அது இல்லை.

இன்னொன்று. விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், விசா செலவு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. நல்ல அமைப்பு எதுவும் விண்ணப்பிக்க மாணவரிடம் பணம் கேட்காது. வாட்ஸ்அப்பில் நியமனக் கடிதம் வந்தால், அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

கடிதம் எழுதும்போது

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித் தொடங்கும்: "சிறு வயதிலிருந்தே ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பது என் ஆசை." எழுதிய பிள்ளையின் மனதில் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த வரியை வைத்து நான் எந்த முடிவும் எடுக்க முடியாது. உங்களை எந்த மேசையில் உட்கார வைப்பது, எந்தக் கிராமத்துக்கு அனுப்புவது என்று நான் யோசிக்க உதவும் விஷயங்களை எழுதுங்கள்.

எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், முழு நேரமா, வாரத்தில் எத்தனை நாள், கல்லூரிக்கு எத்தனை மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அதை இரண்டாம் பக்கத்தில் தேட எனக்கு நேரம் இருக்காது. அடுத்து, என்ன செய்யத் தெரியும் என்பது. "கணினி அறிவு உண்டு" என்று மொட்டையாக எழுத வேண்டாம். "எங்கள் துறையின் கணக்கெடுப்பில் 240 வீடுகளின் தகவலை எக்செலில் ஏற்றி, இரட்டைப் பதிவுகளை நீக்கினேன்" என்று எழுதினால் எனக்கு உடனே புரிந்துவிடும். செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள். நேர்காணலில் அதைத்தான் கேட்பேன்.

மொழியை மறக்காதீர்கள். ஊரில் தமிழில் கேட்டு, மாலையில் அதை நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கையாக எழுதக்கூடியவர் கிடைப்பது அரிது. கடலோர ஊரில் வளர்ந்தவரா, மலைக் கிராமத்துப் பேச்சு புரியுமா, தெலுங்கோ இந்தியோ தெரியுமா, எழுதுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தேன் என்று தயங்கித் தயங்கி எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். களத்தில் அவர்களுக்குத்தான் முதலில் கதவு திறக்கும்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரே கடிதத்தைப் பத்து அமைப்புக்கு அனுப்பி, அதில் ஒன்றில் வேறு அமைப்பின் பெயர் இருந்துவிட்டால், அதோடு முடிந்தது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து இரண்டு வரியில் நினைவூட்டலாம், அதில் தப்பே இல்லை. கூடவே துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைட் சான்றிதழையும், கல்லூரிக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லும் என்.ஓ.சி. கடிதத்தையும் தயாராக வைத்திருங்கள். கல்லூரி அலுவலகத்தில் அதை வாங்க ஒரு வாரம் ஆகலாம்.

நேர்காணலில் கேட்பது

திறமையைவிட நடத்தையைத்தான் அதிகம் சோதிப்பார்கள். "டோக்கன் வாங்க வந்த பெரியவர் உங்கள் கையில் 200 ரூபாயைத் திணித்தால் என்ன செய்வீர்கள்?" "கூட வேலை செய்பவர் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் தவறாகப் பேசுவதைக் கேட்டால் யாரிடம் சொல்வீர்கள்?" இப்படி வரும். இதற்குக் காரணம் உண்டு. 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைட்டியில் ஆக்ஸ்ஃபாம் ஊழியர்கள் சிலர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டது 2018-இல் வெளியே வந்தபோது இந்தத் துறையே தலைகுனிந்தது. உதவி கொடுக்கும் கைக்கு அதிகாரம் இருக்கிறது, அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதை எல்லாரும் வெளிப்படையாகப் பேச வேண்டி வந்தது. ஐ.நா. 2003-லேயே விதி போட்டிருந்தது: உதவிக்குப் பதிலாகப் பாலுறவு கேட்பது தடை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருடன், அந்த நாட்டுச் சட்டம் என்ன சொன்னாலும், தடை. சேரும் நாளில் நீங்கள் கையெழுத்திடும் நடத்தை விதிகளில் இதெல்லாம் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களையும் அந்த விதிகள் காக்கின்றன. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013, பயிற்சிக்கு வந்திருப்பவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். "இன்டர்ன்தானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சேருமுன் இரண்டு வாரம்

காயா, டிசாஸ்டர்ரெடி என்று இரண்டு தளங்களில் மனிதாபிமானப் பணி பற்றிய பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் முடித்துச் சான்றிதழ் சேர்க்க வேண்டாம். ஒன்றிரண்டை ஒழுங்காகச் செய்யுங்கள். கோபோ டூல்பாக்ஸ் என்ற தளத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கேள்விப் படிவம் செய்து, அதன் கோபோ கலெக்ட் செயலியைப் போனில் இறக்கி, தெருவில் பத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். நெட் இல்லாத ஊரிலும் பதிவு செய்து, பிறகு சிக்னல் வரும்போது அனுப்பலாம். பல அமைப்புகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

அப்புறம் ஸ்ஃபியர் கையேடு. 1997-இல் தொடங்கிய முயற்சி, 2018-இல் வந்த பதிப்பு இப்போது புழக்கத்தில் இருக்கிறது. பேரிடரில் ஒரு மனிதருக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று எண்களில் சொல்லும் புத்தகம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், தங்க ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். பொதுக் கழிவறை என்றால் ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று, அதிலும் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. புயல் முகாமாக மாற்றிய பள்ளிக்கூடத்தில் 300 பேர் இருக்கிறார்கள், கழிவறை நாலுதான் என்று வையுங்கள். ஒன்றுக்கு 75 பேர். "கஷ்டமாக இருக்கிறது" என்று அறிக்கையில் எழுதுவதற்கும், "குறைந்தபட்ச அளவுக்கே இன்னும் இரண்டு வேண்டும்" என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இரண்டாவதை வைத்துத்தான் ஒரு அதிகாரி உத்தரவு போட முடியும்.

முதல் வாரம்

ஃபைல், தட்டச்சு, வவுச்சர், கூட்டத்துக்கு நாற்காலி போடுவது. சலிப்பாக இருக்கும். அந்த வாரத்தில் கணக்குப் பிரிவில் ஒரு நாள் உட்காருங்கள். ஒரு பக்கெட், ஒரு போர்வை வாங்க எத்தனை விலைப்புள்ளி, எத்தனை கையெழுத்து என்று பார்த்தால், ஊரில் மக்கள் "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்கும்போது பதில் தெரியும்.

உங்கள் பணி விவரம், மேற்பார்வையாளர் யார், பயணப்படி உண்டா, விபத்துக் காப்பீடு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஊருக்குள் போகும்போது

நான் அதிகம் சொல்ல நினைப்பது இங்கேதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அப்போது நான் இரண்டாம் ஆண்டு. கல்லூரியிலிருந்து எங்களை ஓர் அமைப்புடன் அனுப்பினார்கள். தென்னை மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எனக்குக் கொடுத்த வேலை, இரண்டு தெருவுக்குத் தார்ப்பாய்ப் பட்டியல். ரேஷன் கார்டைப் பார், பெயரை எழுது, சேதத்தை எழுது, அடுத்த வீடு. ஒரே பகலில் முடித்தேன். வேகமாக முடித்ததற்குப் பாராட்டும் கிடைத்தது.

மூன்று நாள் கழித்துத் தார்ப்பாய் வந்தது. வரிசையில் நிற்காமல், ஓரமாக ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் வந்து, "பாப்பா, எம் பேரு இருக்கா பாரேன்" என்றார். இல்லை. நான் எழுதிய ஒரு வீட்டின் கொல்லைப்பக்கம் தனிக் குடிசையில் இருந்தவர் அவர். கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்தவர்; பெயர் தம்பி கார்டில். குடிசை முழுக்க விழுந்துவிட்டது. நான் கார்டைப் பார்த்தேன், ஒரு குடும்பம் என்று எழுதினேன், கொல்லைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த லோடு வர ஒன்பது நாள் ஆனது. நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது.

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் முதலில் கேட்பது, "இங்கே எத்தனை அடுப்பு எரியுது?" என்றுதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே ஒரே சமையலில் சாப்பிடுபவர்களைத்தான் ஒரு குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் படித்திருந்தேன், தெருவில் நினைவு வரவில்லை. கார்டு ஒன்று, அடுப்பு இரண்டு என்றால் இரண்டு குடும்பம் என்று குறித்து, மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து வாருங்கள்.

பெயர் எழுதுவதிலும் கவனம் வேண்டும். "மாரியம்மாள்" என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று இருக்கும். ஒரே தெருவில் நாலு மாரியம்மாள் இருப்பார்கள். இனிஷியல் அப்பா பெயரிலிருந்தா, கணவர் பெயரிலிருந்தா என்பதும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். பணம் வங்கிக் கணக்குக்குப் போவதாக இருந்தால், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். தமிழிலும் ஒரு தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள்; படித்துக் காட்டும்போது உதவும்.

எந்த ஊருக்குப் போனாலும் நேராகத் தெருவில் இறங்காதீர்கள். பஞ்சாயத்துத் தலைவரையும், மீனவ ஊர் என்றால் ஊர்ப் பஞ்சாயத்தாரையும், அங்கன்வாடி டீச்சரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அதே நேரத்தில் அவர்கள் காட்டும் தெருவோடு நின்றுவிடாதீர்கள். ஊருக்கு வெளியே ஒரு காலனி இருக்கும், வாய்க்கால் கரையில் பத்துக் குடிசை இருக்கும். "இதோடு ஊர் முடிஞ்சுதா?" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்குப் போவதாக இருந்தால் அரசு அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. அமைப்பு அதை வாங்கிவிட்டதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அவர்கள் தரையில் என்றால் நீங்களும் தரையில். நீங்கள் யார், எந்த அமைப்பு, எதற்குக் கேட்கிறீர்கள், பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் எந்த நஷ்டமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தண்ணீரோ டீயோ கொடுத்தால் குடியுங்கள். சில தெருக்களில் நீங்கள் குடிக்கிறீர்களா என்று பார்த்துத்தான் மேற்கொண்டு பேசுவார்கள்.

வாக்குக் கொடுக்காதீர்கள். நாம் பேச்சுவாக்கில் "பார்க்கலாம்மா", "சொல்றேன்மா" என்று சொல்லிவிடுவோம். வீடு இழந்தவர் காதில் அது "கிடைச்சிடும்" என்றுதான் விழும். "நான் படிக்கிற பிள்ளை, முடிவு எடுக்கிறது நான் இல்லை. நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேன், வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீசில் கொடுத்துடுவேன்" என்று சொல்லுங்கள். அதைச் செய்யுங்கள்.

என்ன வேண்டும் என்று கேட்டபிறகுதான் கொண்டுபோக வேண்டும். சுனாமி சமயத்தில் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி நாகை மாவட்டத்துக்கு வந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். உழைத்துச் சம்பாதித்துக் கௌரவமாக வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் பிறர் உடுத்திய துணியைத் தொடவில்லை. சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. உங்கள் கல்லூரியில் சேகரிப்பு நடந்தால் இதைச் சொல்லுங்கள்.

புகைப்படம். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-இல் எழுதிய நடத்தை விதிகள் பத்தில், பத்தாவது விதி இதைப் பற்றித்தான்: பாதிக்கப்பட்டவர்களை மானமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும், கதியற்றவர்களாகக் காட்டக் கூடாது. அமைப்பு கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டாலும், அந்த மனிதரிடம் எங்கே வெளியாகும் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும். பிள்ளையின் முகம், பெயர், ஊர் மூன்றும் ஒரே இடத்தில் வரக் கூடாது. செல்ஃபி வேண்டவே வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டைச் சொந்த போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. நீங்கள் செய்யாதீர்கள், அமைப்பின் படிவத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

ஊட்டச்சத்துத் திட்டத்தில் இருந்தால் குழந்தையின் மேல்கை அளக்கும் நாடாவைக் கையில் கொடுப்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழ் சிவப்பு, 115-இலிருந்து 125-க்குள் மஞ்சள், அதற்கு மேல் பச்சை. இறுக்கிப் பிடித்தால் அளவு மாறிவிடும், அதனால் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது பலமுறை பழகுங்கள். சிவப்பைப் பார்த்ததும் தாயின் முகம் மாறும். "பிள்ளைக்கு இப்போ கூடுதல் கவனிப்பு வேணும், அங்கன்வாடி டீச்சரோட நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சத்தமாக எண்ணைச் சொல்லி, பக்கத்து வீட்டார் முன்னால் அந்தத் தாயைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். டீச்சரிடம் நீங்களே நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் உடம்பும் மனமும்

இருட்டுமுன் திரும்புங்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தனியாகப் போகச் சொன்னால் முடியாது என்று சொல்லலாம்.

கேட்ட கதைகள் ராத்திரி தூங்க விடாது. எனக்கு அந்த ஒன்பது நாளும் அப்படித்தான் இருந்தது; யாரிடமும் சொல்லவில்லை. அது தவறு என்று இப்போது தெரிகிறது. மேற்பார்வையாளரிடமோ ஃபீல்ட் ஒர்க் ஆசிரியரிடமோ சொல்லுங்கள். தப்பு நடந்திருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் அடுத்த லோடில் ஒரு பெயரைச் சேர்க்க முடியும். தப்பை ஒளித்த மாணவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு, வந்து சொன்னவர்கள் மீது ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

கடைசி வாரம்

சான்றிதழை ஒரு வாரம் முன்பே கேளுங்கள். அமைப்பின் லெட்டர்ஹெட்டில், தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கல்லூரிக்குத் தனிப் படிவம் இருந்தால் அதையும் நிரப்பி வாங்குங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் திடீரென்று களத்துக்குப் போய்விடுவார். ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு வாங்குவது கஷ்டம்.

முடிந்தால் பட்டியலை ஊரில் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்ட மேற்பார்வையாளரிடம் அனுமதி கேளுங்கள். வெறும் பெயரும் தெருவும் மட்டும். வருமானம், நோய் எதையும் படிக்கக் கூடாது. கோயில் வாசலிலோ பள்ளிக்கூடத்திலோ மாலை ஆறு மணிக்குப் படித்தால், வேலைக்குப் போனவர்களும் இருப்பார்கள். "இன்னாரு பேரு விட்டுப்போச்சே" என்று கூட்டத்திலிருந்தே குரல் வரும். எந்தச் செயலியும் அந்த அளவுக்குச் சரிபார்க்காது.

பிறகு உங்களுக்கு அடுத்து வரப்போகும் மாணவருக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எந்தத் தெரு பாக்கி, எந்த வீடு பூட்டிக் கிடந்தது, எந்தப் பெயரில் குழப்பம், எந்த அம்மாவுக்குக் காது கேட்காது, யாரை முதலில் பார்க்க வேண்டும். கீழே உங்கள் போன் நம்பர். ஜூன் மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பிள்ளை அழைத்து, "அக்கா, அந்த மூணாவது தெருவில் பூட்டியிருந்த வீடு, அதுக்குப் பின்னாடி யாராவது இருக்காங்களா?" என்று கேட்கும். எடுத்துப் பேசுங்கள்.